வீட்டுக்கு வந்த முதல் கம்ப்யூட்டர்: பிள்ளையோடு சேர்ந்து பழகிய பெற்றோர் எழுதுங்கள்

பொன்மலைக்காரி

80களில் வீட்டுக்குக் கம்ப்யூட்டர் வந்த கதையை யார் சொன்னாலும் "பையன் அதிலேயே கிடப்பான், சாப்பிடக்கூட வரமாட்டான்" என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். எங்கள் வீட்டில் அப்படி நடக்கவில்லை. நடக்கவும் முடியாது. அந்தப் பெட்டியோடு ஒற்றை ஆளாக மல்லுக்கட்ட முடியாது. ஒருவர் வாசிக்கணும், ஒருவர் தட்டணும். இன்றைய லேப்டாப், செல்போன் மாதிரி பிள்ளையைத் தனியாக இழுத்துக்கொண்டு போகிற சாமான் இல்லை அது. இதுதான் என் கட்சி. மறுப்பவர்கள் தாராளமாக மறுக்கலாம்.

எங்களிடம் இருந்தது சிங்க்ளேர் இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம், 48கே. லண்டனில் இருந்த என் தம்பி 1986இல் லீவுக்கு வந்தபோது, தான் வைத்திருந்ததைத் தூக்கி மருமகனிடம் கொடுத்துவிட்டுப் போனான். ஒரு நோட்டுப் புத்தகம் அளவுதான் இருக்கும். கறுப்பு நிறம், ரப்பர் விசைகள், ஓரத்தில் வானவில் மாதிரி நாலு வண்ணக் கோடு. பையனுக்கு அப்போது ஒன்பது வயது. நான் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர். காலை ஷிப்ட் என்றால் மத்தியானமே வீட்டுக்கு வந்துவிடுவேன். அவன் பள்ளி விட்டு வருவதற்கும் அவன் அப்பா ஒர்க்‌ஷாப்பிலிருந்து வருவதற்கும் நடுவில் டிவி எங்கள் கையில்.

ஸ்பெக்ட்ரத்தைப் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். அதில் 'பிரிண்ட்' என்பதை எழுத்து எழுத்தாக அடிக்கக் கூடாது. 'பி' விசையை ஒரு தட்டு தட்டினால் முழு வார்த்தையும் வந்து விழும். 'ஜே' என்றால் லோட், 'ஜி' என்றால் கோ டு, 'ஆர்' என்றால் ரன். ஒவ்வொரு விசையிலும் அதன் மேலும் கீழும் ஐந்தாறு வார்த்தைகள் பொடிப் பொடியாக அச்சடித்திருக்கும். 'ஏ' விசையில் என்ன தெரியுமா? நியூ. அதைத் தட்டி என்டர் கொடுத்தால் அதுவரை அடித்ததெல்லாம் போச்சு. "நிச்சயமா?" என்றெல்லாம் கேட்காது. நாற்பது விசைகளில் சுண்டு விரல் போய் விழுகிற இடத்தில் கொண்டுபோய் அதை வைத்த மகானை நான் திட்டாத நாள் இல்லை.

தம்பி கூடவே சில ஆங்கிலப் பத்திரிகைகளும் கொண்டுவந்திருந்தான். அதில் புரோகிராம்கள் அச்சாகியிருக்கும். பார்த்துப் பார்த்து அடிக்க வேண்டியதுதான். பேசிக் என்ற கம்ப்யூட்டர் மொழியில் எழுதிய வரிகள் என்றால் பையனே பார்த்து அடித்துவிடுவான். நடுவில் 'டேட்டா' வரிகள் வரும், பக்கம் பக்கமாக வெறும் எண்கள்: 62, 33, 205, 201 என்று. ஒரு எண் மாறினாலும் மொத்தமும் உறைந்து நின்றுவிடும், கரண்டைப் பிடுங்கித்தான் திரும்ப ஆரம்பிக்கணும். எண்ணையும் பார்த்து, விசையையும் பார்த்து, திரையையும் பார்ப்பது ஒரு ஆளால் ஆகிற காரியமா? நான் வாசிப்பேன். டிரங்க் கால் நம்பரை எதிர்முனைக்குச் சொல்வது போலவே, நிறுத்தி நிறுத்தி. அவன் தட்டிவிட்டுத் திருப்பிச் சொல்வான். "இரண்டு சைபர் ஐந்து" என்றால் "இரண்டு சைபர் ஐந்து". எக்ஸ்சேஞ்சில் பழகிய முறை அது.

முடிந்ததும் கேசட்டில் சேமிக்கணும். டேப் ரெக்கார்டரோடு இணைக்க இரண்டு ஒயர், ஒன்று 'இயர்', ஒன்று 'மைக்'. சேமிக்கும்போது இரண்டும் சேர்ந்து இருக்கக் கூடாது, பதிவு கெட்டுவிடும். அதனால் 'இயர்' ஒயரைப் பிடுங்குவது அவன் வேலை. ரெக்கார்டையும் பிளேயையும் சேர்த்து அழுத்துவது என் வேலை. "பிடுங்கியாச்சா?" "பிடுங்கியாச்சு." அப்புறம்தான் என்டர்.

நீங்களும் எழுதுங்கள். எந்த மெஷினாக இருந்தாலும் சரி.

ஈயப்பற்று

அம்மா, அருமை. 'இயர்' ஒயரைப் பிடுங்கச் சொன்னதைப் படித்ததுமே தெரிந்துவிட்டது, நீங்கள் நிஜமாகவே உட்கார்ந்தவர்தான்.

எனக்கு ஒரு சந்தேகம். ஸ்பெக்ட்ரம் படத்தை அனுப்புவது யூஎச்எஃப் என்ற உயர் அலைவரிசையில், 36ஆம் சேனலில். நம்ம ஊரில் அந்தக் காலத்து டிவிகள் பெரும்பாலும் அதற்குக் கீழே இருக்கிற விஎச்எஃப் மட்டும்தான் எடுக்கும், தூர்தர்ஷனுக்கு அது போதுமே. உங்கள் வீட்டில் படம் எப்படி வந்தது?

நான் அப்போது மதுரையில் ரேடியோ ரிப்பேர் கடையில் எடுபிடி. லண்டனிலிருந்தும் துபாயிலிருந்தும் வந்த ஸ்பெக்ட்ரம் இரண்டு மூன்று எங்கள் கடைக்கு வந்தது. "டிவியில் மணல்தான் தெரிகிறது" என்று தூக்கிக்கொண்டு வருவார்கள். மெஷினில் ஒன்றும் கோளாறு இருக்காது.

பொன்மலைக்காரி

ஈயப்பற்று தம்பி, சரியாகப் பிடித்தீர்கள். தம்பி ஊருக்குத் திரும்பியபின் கொஞ்ச நாள் அது அலமாரியில் சும்மாதான் கிடந்தது. மணலோ மணல். கடைசியில் மார்க்கெட் பக்கம் ஒரு டிவி மெக்கானிக் பெட்டியைத் திறந்து, உள்ளே ஒரு தகர டப்பாவுக்கு முன்னாலேயே ஒயரைப் பிரித்து வெளியே எடுத்தார். டிவியின் உள்ளேயும் ஏதோ ஒரு இடத்தில் பற்றவைத்து, பின்பக்கம் ஒரு ஓட்டை போட்டு சாக்கெட் வைத்தார். வீட்டுக்காரருக்கு முகம் சுருங்கிப்போச்சு, புது டிவி அது. ஆனால் படம் கண்ணாடி மாதிரி வந்தது. கறுப்பு வெள்ளைதான்.

ஈயப்பற்று

அந்தத் தகர டப்பாதான் மாடுலேட்டர், படத்தை டிவி சேனலாக மாற்றி அனுப்புவது. அதற்குள் போகிற சிக்னல் வெறும் வீடியோ. அதை நேராக டிவியின் வீடியோ பகுதிக்குக் கொடுத்துவிட்டால் சேனலே தேவையில்லை. மெக்கானிக் விவரமான ஆள். ஒரு விஷயத்தில் நமக்கு அதிர்ஷ்டம்: பிரிட்டன் டிவிக்கும் நம்ம டிவிக்கும் ஒலி வரும் இடைவெளி வேறு. ஆனால் ஸ்பெக்ட்ரம் சத்தத்தை டிவிக்கு அனுப்புவதே இல்லை, தனக்குள்ளேயே ஒரு சின்ன ஸ்பீக்கர் வைத்திருக்கிறது. அதனால் தப்பித்தோம்.

பிறகு 80களின் பின்பாதியில் புனேயில் டெசிபெல்ஸ் என்ற நிறுவனம் 'டிபி ஸ்பெக்ட்ரம்' என்று இங்கேயே விற்றது. அது வந்தபின் வெளிநாட்டு மாமாவுக்காகக் காத்திருக்கத் தேவை இல்லாமல் போனது.

கணக்கப்பிள்ளை

எல்லோரும் தேன் தடவிப் பேசுகிறீர்கள். நான் கொஞ்சம் உப்புப் போடுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

நான் வங்கி ஊழியன். 1997இல் அலுவலகக் கடன் போட்டு, ரிச்சி தெருவில் அசெம்பிள் செய்த பென்டியம் வாங்கினேன். 16 எம்பி ரேம், 14 அங்குல மானிட்டர், விண்டோஸ் 95. பல மாதச் சம்பளம். எல்லோரும் என்ன சொன்னார்கள்? "பையன் எதிர்காலம் சார்." அந்தக் கடனைக் கட்டி முடிப்பதற்குள் மெஷின் பழசாகிவிட்டது. பையன் அதில் என்ன கற்றான் என்று கேளுங்கள். டேவ் விளையாட்டில் எந்த இடத்தில் குதிக்கணும், எங்கே சுடணும். அவ்வளவுதான். ஸ்பெஷல் கோச்சிங்கில் சி மொழி சேர்த்துவிட்டேன், அங்கேயும் போய்த் தூங்கினான்.

மாடியறையில் அதற்கென்று தனி மேஜை, வெல்வெட் உறை, வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போகணும். பூஜை அறைக்குக்கூட அவ்வளவு ஆசாரம் இல்லை. நானும் அவனும் சேர்ந்து உட்கார்ந்து பார்த்தது ஒன்றே ஒன்று: டிஃப்ராக். சின்னச் சின்னக் கட்டங்கள் இடம் மாறி மாறி அடுக்கிக்கொள்ளுமே, அது. ஞாயிற்றுக்கிழமை காபியோடு அதைப் பார்ப்போம். அதில் அவனும் ஒன்றும் கற்கவில்லை, நானும் கற்கவில்லை.

அதனால் "இரண்டு பேர் வேண்டும்" என்பதெல்லாம் மெஷினின் மகிமை இல்லை. அம்மாவுக்கு ஆர்வம் இருந்தது, நேரம் இருந்தது, உட்கார்ந்தார். எனக்கு இரண்டும் இல்லை. மெஷினுக்கு எதற்குப் பாராட்டுப் பத்திரம்?

பழைய_கேவி

கணக்கப்பிள்ளை சார் சொல்வது பாதி சரி. எங்கள் வீட்டில் மெஷினே இல்லை, இருந்தும் அப்பா உட்கார்ந்தார்.

1984இல் மத்திய அரசு 'கிளாஸ்' என்ற திட்டத்தில் நாடு முழுக்க 250 பள்ளிகளுக்கு பிபிசி மைக்ரோ கம்ப்யூட்டர்கள் கொடுத்தது. எங்கள் கேந்திரிய வித்யாலயாவுக்கும் வந்தது. விசைப்பலகையின் மேல்வரிசையில் செக்கச்செவேலென்று பத்து விசைகள், புள்ளிகளால் வரைந்த ஆந்தைச் சின்னம். மறக்குமா? நினைவகம் 32கே. ஒரு மெஷினுக்கு முன்னால் ஐந்தாறு பேர் முண்டியடிப்போம். என் முறை வந்து விரல் வைப்பதற்குள் மணி அடித்துவிடும்.

அதனால் வீட்டில் நோட்டில் எழுதிவைத்துக்கொண்டு போவேன். அப்பாவுக்கு கம்ப்யூட்டர் என்றால் என்னவென்று தெரியாது, தாலுகா ஆபீஸ் குமாஸ்தா. ஆனால் "நீ எழுதியது ஓடுமா என்று பார்ப்போம்" என்று ஒரு தாளில் கட்டம் போடுவார். ஏ, பி, சி என்று தலைப்பு. நான் ஒவ்வொரு வரியாக வாசிக்க, அவர் அந்தந்தக் கட்டத்தில் பழைய எண்ணை அடித்துப் புதிய எண்ணை எழுதுவார். திரும்பத் திரும்பச் செய்யச் சொல்லும் ரிபீட் - அன்டில் வந்தால் மேலே போய்த் திரும்ப வருவார். "இது நிற்கவே நிற்காதுடா, 'சி' மாறவே இல்லையே" என்று அவர் சொன்னபோது எனக்கு வியர்த்துவிட்டது. மறுநாள் பள்ளியில் அதையே அடித்துப் பார்த்தேன், நிற்கவே இல்லை.

ஆக, மெஷின் அரிதாக இருந்ததுதான் காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. கைக்கு எட்டாததால் ஆள் தேவைப்பட்டது.

இரண்டாம்பிள்ளை

பொன்மலை அம்மா எழுதியதைப் படித்துவிட்டுச் சும்மா போக முடியவில்லை. "ஒருவர் வாசிக்கணும், ஒருவர் தட்டணும்." சரி. யார் வாசிப்பது, யார் தட்டுவது என்று யாராவது கேட்டீர்களா?

கோவையில் எங்கள் வீட்டில் இருந்தது அந்த டிபி ஸ்பெக்ட்ரம்தான். அப்பா மில்லில் என்ஜினீயர். வாங்கியது அண்ணனுக்கு. அண்ணன் நாற்காலியில், நான் தரையில் புத்தகத்தோடு. அவன் தட்டுவான், நான் வாசிப்பேன். நாற்காலியில் என்னை உட்காரவைத்ததே இல்லை. "விசை ரப்பர், நகம் பட்டால் கிழிஞ்சிடும்" என்று ஒரு காரணம் வேறு. எங்களுடையது பிளாஸ்டிக் விசை!

ஓடவில்லை என்றால் தப்பைக் கண்டுபிடிப்பதும் நான்தான். அடித்த வரிகளைத் திரையில் காட்டும் லிஸ்ட் கட்டளையைப் போட்டுவிட்டு அவன் கிரிக்கெட் விளையாடப் போய்விடுவான். நான் புத்தகத்தையும் திரையையும் வரி வரியாக ஒத்துப் பார்ப்பேன். பெரும்பாலும் சைபருக்கும் ஆங்கில 'ஓ'வுக்கும் குழப்பம்தான். திரையில் சைபருக்கு நடுவே ஒரு கோடு இருக்கும், புத்தகத்தில் இருக்காது. அப்புறம் காற்புள்ளி இருக்கவேண்டிய இடத்தில் அரைப்புள்ளி, அப்படி அடித்தால் எழுத்து தள்ளிப் போகாமல் ஒட்டிக்கொண்டு வரும். இதெல்லாம் எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. தப்பைத் தேடித் தேடியே தெரிந்துகொண்டேன். திருத்தியதும் அண்ணன் வந்து 'ஆர்' தட்டுவான். அப்பா "பலே, செஞ்சுட்டியே" என்பார், அவனைப் பார்த்து.

அவனை என்ஜினீயரிங் சேர்த்தார்கள், என்னை பி.காம். அதைப் பற்றி இப்போது சண்டை போட ஒன்றும் இல்லை, அப்பாவும் இல்லை. ஆனால் "இரண்டு பேர் சேர்ந்து" என்று இனிக்க இனிக்கச் சொல்லும்போது, அந்த இரண்டாவது ஆள் யார் என்பதையும் எழுதுங்கள்.

பொன்மலைக்காரி

இரண்டாம்பிள்ளை, நான் யோசிக்காத இடத்தில் கை வைத்துவிட்டாயம்மா.

எங்கள் வீட்டில் வாசித்தவள் அம்மா. அதனால் "அம்மா வாசிச்சா தப்பு வராது" என்று அவன் தெருவெல்லாம் பெருமை அடித்துக்கொள்வான். வாசிப்பது அங்கே மரியாதையான வேலை. அதே வேலையைத் தங்கை செய்தால் எடுபிடி. நீ சொன்னபிறகுதான் அது உறைக்கிறது.

கீழ்வீட்டுப் பெண் ஒருத்தி வருவாள், ஆறாம் வகுப்பு. எண்களை என்னைவிட வேகமாக வாசிப்பாள். தட்டவும் தட்டினாள், இங்கே யாரும் தடுக்கவில்லை. ஆனால் விளக்கு வைக்கிற நேரத்துக்கு அவள் அம்மா கீழிருந்து குரல் கொடுத்துவிடுவாள். கேசட்டிலிருந்து ஒரு பெரிய புரோகிராம் ஏறுவதற்கே ஐந்து நிமிடம் ஆகும். பாதியில் எழுந்து போவாள். ஏறி முடிந்து ஓடியதை அவள் எத்தனை தடவை பார்த்திருப்பாள் என்று சொல்ல முடியாது. பையன்களை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை.

கணக்கப்பிள்ளை சார், உங்களுக்கும் ஒன்று. எனக்கு நேரம் இருந்தது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் உங்கள் மெஷினில் மவுஸைப் பிடிக்க ஒரு கைதான் வேண்டும். அங்கே நீங்கள் உட்கார்ந்திருந்தாலும் வேடிக்கைதான் பார்த்திருப்பீர்கள். எனக்கு அங்கே வேலை இருந்தது. வேலை இருந்ததால் உட்கார்ந்தேன், ஆர்வம் அப்புறம் வந்தது.

கணக்கப்பிள்ளை

// மவுஸைப் பிடிக்க ஒரு கைதான் வேண்டும் //

இது நல்ல பாயிண்ட். ஆனாலும் விடமாட்டேன். பிறகு இணையம் வந்ததே, விஎஸ்என்எல் டயல்-அப், மோடம் கீச்கீச்சென்று கத்தும். அதற்கு எங்கள் வீட்டில் நாலு பேர் தேவைப்பட்டார்கள்: ஒருவர் இணைப்புப் போட, மற்ற மூவரும் போனைத் தொடாமல் இருக்க! ஒன்றாக உட்காரவைத்த மெஷின் என்றால் அதுவும்தான்.

மட்டுறுத்துநர்

இழை நன்றாகப் போகிறது. டயல்-அப் கட்டணக் கதைகளுக்கு வேறு இழை இருக்கிறது, அங்கே கொண்டுபோங்கள். இங்கே பிள்ளைகளும் பெற்றோரும் மட்டும்.

வட்டுக்கோட்டையான்

வணக்கம். நான் கனடாவிலிருந்து எழுதுகிறன். நீங்கள் 86, 87 எண்டு கதைக்கேக்கை எங்களுக்கு வேறை நினைவு வருது. யாழ்ப்பாணத்தில 90க்குப் பிறகு வருசக்கணக்கா கரண்டே இல்லை. ஜாம் போத்தில் விளக்கிலதான் பிள்ளையள் படிச்சதுகள். கம்ப்யூட்டர் என்ன, ரேடியோவுக்கே சைக்கிள் டைனமோவைச் சுத்தினம். ஆகவே என்ரை கதை ஸ்காபரோவில தொடங்குது.

93 கடைசியில வந்து சேர்ந்தம். நான் இரவு வேலை, தொழிற்சாலையில். பிறகு எங்கடை பழைய மாணவர் சங்கத்துக்கு ஒரு மலர் போட வேணும் எண்டு முடிவெடுத்தினம். ஒருவர் பாவிச்ச 486 ஒண்டைத் தந்தார். தமிழ் எழுத்துருவும் பிளாப்பியில தந்தார். எனக்குக் கம்ப்யூட்டரைப் போடவும் தெரியாது, நிப்பாட்டவும் தெரியாது. மகளுக்குப் பத்து வயசு, பள்ளிக்கூடத்தில பழகினதால எல்லாம் தெரியும். ஆனால் தமிழ் எழுத்து அவளுக்கு மறந்துகொண்டு போகுது.

நான் கட்டுரையை வாசிப்பன். அவள் தட்டுவாள். "அப்பா, இது எந்த ல?" "குண்டு ள பிள்ளை." "எந்த ன?" "ரெண்டு சுழி." 'கொ' அடிக்க வேணும் எண்டால் முதல் கொம்பு, பிறகு க, பிறகு அரவு. மூண்டு தட்டு. பேச்சில ஒரு சத்தம், விரலில மூண்டு. அவளுக்கு அது பெரிய புதினம். தமிழ் எழுத்துக்குள்ளை என்னென்ன துண்டுகள் இருக்கெண்டு அவள் அப்பிடித்தான் பிடிச்சவள். நான் மட்டையில எழுதிக் காட்டேக்கை ஏறாதது, விசையில ஏறிச்சுது.

ஒருக்கா மலரின்ரை பிளாப்பியை மொன்றியலில இருந்த நண்பருக்கு அனுப்பினம். அவரிட்டை அந்த எழுத்துரு இல்லை. திறந்தால் முழுக்க ஆங்கில எழுத்தும் கேள்விக்குறியும் டொலர் குறியும். "என்ன, கெட்ட வார்த்தையாலை திட்டியிருக்கிறாய்" எண்டு போன் எடுத்தார். அந்தக் காலத்தில ஒவ்வொரு எழுத்துருவுக்கும் ஒவ்வொரு குறியீட்டு முறை. எழுத்துருவையும் சேர்த்து அனுப்பினால்தான் வாசிக்கலாம்.

இரண்டாம்பிள்ளை தங்கச்சிக்கு: எங்கடை வீட்டில கதிரையில இருந்தது மகள், நிலத்தில இருந்து வாசிச்சது அப்பன். அதையும் கணக்கில சேருங்கோ.

இரண்டாம்பிள்ளை

சேர்த்துவிட்டேன் அண்ணா. :) படித்துச் சிரித்தேன். மலரில் அவள் பெயர் போட்டீர்களா?

வட்டுக்கோட்டையான்

"கணினி எழுத்தாக்கம்" எண்டு அவளின்ரை பேர்தான் போட்டது. சங்கத்தில ரெண்டு பேர் முகத்தைச் சுழிச்சவை, சின்னப் பிள்ளையின்ரை பேர் எதுக்கெண்டு. விடேல்லை.

பொன்மலைக்காரி

வட்டுக்கோட்டை தம்பி எழுத்தைத் துண்டு துண்டாகச் சொன்னதும் எங்கள் 'ப' கதை நினைவுக்கு வந்தது.

ஸ்பெக்ட்ரத்தில் நாமே எழுத்து வரைந்துகொள்ள 21 இடங்கள் உண்டு, ஆங்கில 'ஏ'யிலிருந்து 'யூ' வரை. ஒவ்வொன்றும் எட்டுக்கு எட்டுக் கட்டம். கணக்கு கிராப் நோட்டில் கட்டம் கட்டி, பென்சிலால் நிரப்பி, ஒவ்வொரு வரிசையையும் எண்ணாக்கி, 'போக்' கட்டளையால் நினைவகத்தில் போடணும். நிரப்பிய கட்டம் 1, வெற்றுக் கட்டம் 0. முதலில் 'ப' வரைந்தோம். மேல் ஆறு வரிசையும் 01000010, அதாவது 66. ஏழாவது வரிசை 01111110, அதாவது 126. கடைசி வரிசை 0. எட்டே எண்ணில் 'ப' டிவியில் வந்து நின்றது! அடுத்து 'ட': ஆறு வரிசைக்கு 64, பிறகு 126. அதுவும் சுலபம். இரண்டையும் மாற்றி மாற்றி அடித்து "டப்பா" என்று எழுத நினைத்தால் புள்ளிக்கு இடம் இல்லை, 'ப'வின் தலை இடிக்கிறது. 'ப'வைக் குள்ளமாக்கினோம்.

'அ' வரையப் போய்த்தான் மாட்டிக்கொண்டோம். எட்டுக் கட்டத்தில் சுழி போட்டால் கோடு போட இடம் இல்லை, கோடு போட்டால் சுழி வெறும் அழுக்குப் புள்ளியாகத் தெரிகிறது. பென்சில், அழிரப்பர், மறுபடி பென்சில், தாள் ஓட்டையாகும் வரை. கடைசியில் "ரெண்டு கட்டம் எடுத்துக்கலாம்மா" என்று அவன்தான் சொன்னான். இடது பாதி ஒரு எழுத்து, வலது பாதி ஒரு எழுத்து. பதினாறு எண். "அம்மா" என்று எழுதி முடிப்பதற்குள் 21 இடத்தில் பாதி போய்விட்டது. 'ழ'வுக்குக் கீழே இறங்கும் வாலுக்கு இன்னொரு கட்டம் வேண்டும் என்றதும் நான் கும்பிடு போட்டுவிட்டேன்.

ஆனால் இரண்டின் அடுக்குக் கணக்கு அவனுக்கு அத்துப்படி ஆனது அந்த நோட்டில்தான். 128, 64, 32, 16 என்று கிராப் தாளின் தலையில் அவனே எழுதிவைத்திருந்தான். கணக்கப்பிள்ளை சார் என்ன கற்றான் என்று கேட்டீர்களே, இதைக் கற்றான். நானும் கற்றேன், முப்பத்தைந்து வயதில்.

ஈயப்பற்று

அம்மா, அந்த 21 போதாது என்றால் வேறு வழியும் இருந்தது. எழுத்து வடிவங்கள் எங்கே இருக்கின்றன என்பதை மெஷின் 23606, 23607 என்ற இரண்டு முகவரிகளில் குறித்துவைத்திருக்கும். அதை மாற்றி நம் சொந்த அட்டவணையைக் காட்டிவிட்டால் 96 எழுத்துகளையும் நாமே வரையலாம். மொத்தம் 768 பைட்தான். ஒரே தொல்லை, லிஸ்ட் போட்டால் புரோகிராமும் தமிழில் தெரியும், ஒன்றும் புரியாது!

அந்தக் கேசட்டுகள் இன்னும் இருக்கின்றனவா? இருந்தால் காப்பாற்றலாம். நல்ல டேப் ரெக்கார்டரில் போட்டு, கம்ப்யூட்டரில் மோனோவில் 44.1 கிலோஹெர்ட்ஸில் வேவ் கோப்பாகப் பதிவு செய்யுங்கள். ஃபியூஸ் எமுலேட்டரோடு (இன்றைய கம்ப்யூட்டரை ஸ்பெக்ட்ரம் மாதிரி நடக்கவைக்கும் மென்பொருள்) வரும் ஆடியோ2டேப் என்ற கருவி அதைக் கேசட் கோப்பாக மாற்றித் தரும். வரவில்லை என்றால் ஹெட் பக்கத்தில் இருக்கிற சின்ன ஸ்க்ரூவை, ஒலி தெளிவாகக் கேட்கும் வரை இம்மி இம்மியாகத் திருப்பிப் பாருங்கள். பதிவு செய்த ரெக்கார்டரின் ஹெட் கோணம் வேறாக இருந்திருக்கும். வேறு எதையும் தொடாதீர்கள்.

மெஷினையும் தூசி தட்டி ஓட்ட ஆசைப்பட்டால் ஒரு எச்சரிக்கை: பழைய அடாப்டர் போய்விட்டது என்று கடையில் ஏதோ ஒரு 9 வோல்ட்டை வாங்கிச் செருகிவிடாதீர்கள். ஸ்பெக்ட்ரத்துக்கு நடு முனை மைனஸ். இன்று கடையில் கிடைப்பது பெரும்பாலும் நடு முனை பிளஸ். செருகினால் போர்டு போய்விடும்.

பொன்மலைக்காரி

சில கேசட்டுகள் இருக்கின்றன. ஒன்றில் அட்டையில் "சரளி" என்று என் கையெழுத்து. அது என்னவென்றால், 'பீப்' கட்டளையில் நேரமும் சுருதியும் கொடுத்தால் பாடும். 0 என்றால் நடு சி, ஒவ்வொரு எண்ணும் அரை ஸ்வரம். சரளி வரிசை பாடும் மாயாமாளவகௌளை ராகத்துக்கு நான் எண் கண்டுபிடித்துக் கொடுத்தேன்: 0, 1, 4, 5, 7, 8, 11, 12. பையன் அதை டேட்டா வரியில் போட்டு ஃபார் - நெக்ஸ்ட் வைத்துச் சுற்றவிட்டான். ச ரி க ம என்று கொசு பாடுகிற மாதிரி வரும். அவன் அப்பா "இதுக்கா டிவியைக் கிழிச்சீங்க" என்று கேட்டார். ஆனால் வீட்டுக்கு யார் வந்தாலும் அவரேதான் "அதைப் போடுடா" என்பார்.

ஈயப்பற்று தம்பி சொன்னபடி செய்து பார்த்தேன், ஸ்க்ரூவைத் திருப்பியது பேத்தி. மற்றவை "டேப் லோடிங் எரர்" என்று கையை விரித்துவிட்டன. இது மட்டும் ஏறியது.

கணக்கப்பிள்ளை

அந்தக் கொசு பாட்டை இங்கே போடுங்கள் அம்மா. கேட்காமல் விவாதத்தை முடிக்க மாட்டேன்.

சுருதிப்பெட்டி

இவ்வளவு நாள் படிக்க மட்டும் செய்தேன், இப்போது தலையிட்டே ஆகணும். எண்கள் சரி. சுத்த ரிஷபம் 1, அந்தர காந்தாரம் 4, சுத்த தைவதம் 8, காகலி நிஷாதம் 11. ஆனால் 0இல் ஆரம்பித்தால் ஒரு கட்டை சுருதி. பேத்தி கூடப் பாடப்போகிறாள் என்றால் ஐந்து கட்டைக்கு ஏற்றிக்கொடுங்கள், எல்லா எண்ணோடும் 7 கூட்டினால் போதும். எட்டு எண்ணையும் திருத்த வேண்டாம், பீப் வரியில் சுருதி இருக்கிற இடத்தில் "+7" சேர்த்தால் முடிந்தது.

இன்னொன்று. பீப்பில் சுருதிக்குப் பின்னம் கொடுக்கலாம், 0.5, 0.75 என்றெல்லாம் எடுத்துக்கொள்ளும். ரிஷபத்தை 1இல் நேராகக் குத்தாமல் 0.6லிருந்து 1.2 வரை சின்னச் சின்னதாக ஏற்றி இறக்கினால் கமகத்தின், அதாவது ஸ்வரத்தை அசைத்துப் பாடுவதன், சாயல் கிடைக்கும். ஒரு பீப்புக்கும் அடுத்ததற்கும் நடுவில் கொஞ்சம் விக்கும், அதற்கு ஒன்றும் செய்ய முடியாது. எமுலேட்டரில் முயன்று பார்த்தேன். 0.03 நொடிக்குக் குறைத்தால் ஸ்வரத்தைவிட விக்கல்தான் அதிகமாகக் கேட்கிறது. 0.05 பரவாயில்லை.